யுரேனஸ் உருண்ட பாத்தி

அத்தியாயம் 11

அமுதவல்லிக்கு இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாக இறுகிக் கிடந்தன. பாயிலிருந்து எழுந்தவளை வலது கால் இழுத்துப் பிடித்தது. சுவரில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் அழுத்தினாள். வலி தொடை வரைக்கும் ஏறிப் போய், அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கியது.

மூன்று நாளாகத் தனக்கோடியின் பாத்தியை மிதித்த கால்கள்.

தை பிறந்தால் மரக்காணத்து உப்பளத்தில் முதல் வேலை இதுதான். பாத்தியில் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்துத் தள்ளிவிட்டு, களிமண் தரையைக் காலால் மிதிக்க வேண்டும். குதிகாலுக்குப் பக்கத்தில் குதிகால் வைத்து, விரற்கடை இடம் விடாமல். தரை சிமெண்டு மாதிரி ஆனால்தான் உப்பு வெள்ளையாக விளையும். சின்னக் குத்தகைக்காரர்கள் இதற்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. உன் பாத்தியை நான் மிதிக்கிறேன், என் பாத்தியை நீ மிதி. முறை மிதி என்று பெயர். இந்த வருஷம் தனக்கோடியின் பாத்தி முதலில் முடிந்தது. அடுத்தது அமுதவல்லியுடையது. அதில் இன்னும் முழங்கால் சேறு.

"ம்மா, எழுந்துட்டியா? வளையத்துக்கு பசை பத்தல. மைதா இருக்குதா?"

பூவிழி பழைய சைக்கிள் டயருக்கு மஞ்சள் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். சனிக் கிரகத்தின் வளையமாம்.

"இருக்கற மைதாவ சனிக்குக் குடுத்துட்டு நாம இன்னா திங்கறது?" என்று கேட்டபடியே டப்பாவை எடுத்துக் கொடுத்தாள் அமுதவல்லி.

போன வாரம் புருஷன் மாயவன் போட்ட சத்தம் இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, சாயங்காலமானால் உப்பளத் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ராக்கெட், கிரகம் என்று ஓடவிட்டுக்கொண்டிருந்ததில் அவனுக்கு வயிறு எரிந்தது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருந்தான். ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை.

பூவிழி வேறொரு செய்தியோடு வந்தாள். திண்டிவனத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் அமைப்பு ஒன்று, பள்ளி பள்ளியாகப் போய் விளையாட்டுக் காட்ட ஆள் தேடுகிறது. அதை நடத்தும் ரோஸ்லின் மேடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

"புள்ளைங்கள ஓட உடறதுக்கு ஒரு வேல, அதுக்கு சம்பளம் வேறயா?" என்று மாயவன் குதித்தான். கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னான். "அந்தம்மா வந்து பாக்கட்டும். வேலன்னு சொன்னா இரு. இல்லன்னா திங்கக்கெழம கம்பெனி வேன் ஏறு. மறுபேச்சு கூடாது."

இன்று ஞாயிற்றுக்கிழமை.

*

பள்ளிக்கூடத்து மைதானத்தில் கோடு போடப் போன பூவிழி, போன வேகத்தில் திரும்பி வந்தாள். கயிறும் கோலமாவுப் பையும் கையில் அப்படியே இருந்தன.

"இன்னாடி, கோடு போடலியா?"

"எங்க போடறது? ரோடு போடறவங்க லாரில வந்து ஜல்லிய கொட்டிட்டுப் போயிருக்கறாங்க. கிரவுண்டு பூரா ஜல்லி."

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த மாயவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "சந்திரன்ல ஜல்லிதான இருக்குது? அங்கயே ஓடச் சொல்லு."

"ப்பா! புள்ளைங்க வெறுங்கால்ல ஓடறாங்க. கிழிச்சிடும்."

"கோயில் வாசல்?" என்றாள் அமுதவல்லி.

"கல்யாண ஷாமியானா போட்டுட்டாங்க. கடலாண்ட போலாம்னா மணல்ல கோடும் நிக்காது, காலும் ஓடாது. தெருவுல பைக்கு."

பூவிழி அழவில்லை. உட்கார்ந்து கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள். முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவே நிதானமாக, இனி எடுக்கப்போவதில்லை என்பதைப் போல அழகாகச் சுற்றினாள்.

அமுதவல்லிக்கு அந்த நிதானம்தான் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால், தட்டை எறிந்திருந்தால் சும்மா இருந்திருப்பாள்.

"அந்தக் கயித்த பிரி. எழுந்து வா."

தெரு முடிந்ததும் உப்பளம். கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்திகள், பெரும்பாலும் சேறும் தண்ணீருமாக. ஒன்றே ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில், துடைத்துவிட்ட அம்மிக்கல்லாகப் பரந்து கிடந்தது. தனக்கோடியின் பாத்தி.

"ம்மா, இதுவா?"

அமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரமாக இறங்கினாள். வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்புக் கனத்தையெல்லாம் அதில் இறக்கி ஒரு திருகு திருகினாள். காலை எடுத்துப் பார்த்தாள். தடம் இல்லை. நான்கு எட்டு தள்ளி இன்னொரு தடவை. அங்கேயும் இல்லை. குதிகால் பதியாவிட்டால் தரை இறுகிவிட்டது என்று அர்த்தம்.

"அத்தை ஒத்துக்குமா?"

தனக்கோடி இடையஞ்சாவடியில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து என்று விடிந்ததுமே போயிருந்தாள். சாயங்காலம் மகளின் விளையாட்டைப் பார்க்கத் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய சங்கீதாதான் நெப்டியூன்.

போன் அமுதவல்லியின் இடுப்பில்தான் இருந்தது. கேட்டால் தனக்கோடி வேண்டாம் என்பாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். மிதித்த பாத்தி காயும்போது மேலே ஆடு ஏறினால்கூடக் கல்லெடுத்து அடிப்பார்கள்.

"அத நான் பாத்துக்கறேன். நீ கோட்ட போடு."

*

சாயங்காலம் ரோஸ்லின் மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது கரையைச் சுற்றிப் பாதித் தெரு நின்றது.

"செருப்ப கழட்டிட்டு எறங்குங்க மேடம்" என்றாள் பூவிழி. மேடம் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நடுவில் குச்சி அடித்து, கயிறு கட்டி இழுத்துப் போட்ட எட்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. நடுவே கவிழ்த்துப் போட்ட உப்புக் கூடை மேல் சூரியன் நின்றது. மஞ்சள் பாவாடை கட்டிய ஐந்து வயதுச் சூரியன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பத்து... ஒம்போது... எட்டு..."

பிள்ளைகள் குந்தி உட்கார்ந்தார்கள். சைபரில் எல்லாரும் எகிறிக் குதித்த சத்தத்தில் கால்வாய்க் கொக்குகள் கிளம்பிப் போயின. பெரிய பையன்கள் மூன்று பேர் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து ராக்கெட்டாக ஓடி வந்தார்கள். முதல் வட்டத்தில் கடைசி ஆள் கையை விட்டு விழுந்தான். இரண்டாவது வட்டத்தில் நடு ஆள் விழுந்தான். முன்னால் இருந்தவன் மட்டும் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையை உயர்த்தினான்.

"உழுந்தவங்க தோத்துட்டாங்களா?" என்று கேட்டார் மேடம்.

கீழே கிடந்தவன் தலையை மட்டும் தூக்கினான். "நாங்க எரிஞ்சி தீந்துட்டோம் மேடம். நாங்க உழுந்தாத்தான் அவன் மேல போவான்."

அப்புறம் கிரகங்கள் கிளம்பின. புதன் காலில் நெருப்பு வைத்தது போல் ஓடினான். வெள்ளி தன்னைத்தானே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, தலை கிறுகிறுத்துப் பூமி மேல் போய் மோதினாள். "ஏய், உன் வட்டத்துல போடி!" என்று பூமி தள்ளிவிட்டது. சனி டயரை இடுப்பில் பிடித்துக்கொண்டு நடந்தது. மாதா கோயில் தெரு சாலமன்தான் யுரேனஸ். யுரேனஸ் சாய்ந்து படுத்தபடி சுற்றுகிற கிரகம் என்பதால், அவன் தரையில் படுத்துக் கட்டையாக உருண்டுகொண்டே போனான். சட்டை, கால்சட்டை, மூக்கு எல்லாம் களிமண்.

"டேய் சாலமா, உங்கம்மா இன்னிக்கி உன்ன தோய்ச்சிக் காயப் போடப் போவுது!" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

வெளி வட்டத்தில் சங்கீதா மட்டும் எறும்பு மாதிரி நகர்ந்தாள். மேடம் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நீ ஏம்மா இவ்ளோ மெதுவா போற? கால் வலிக்குதா?"

"இல்ல மேடம். நான் சூரியன்கிட்டேர்ந்து ரொம்ப தூரம். எனக்கு வழியும் ஜாஸ்தி, வேகமும் கம்மி. நான் ஒரு சுத்து வர்றதுக்குள்ள புதன் அறுநூறு தடவைக்கு மேல ஓடிடுவான்."

"போரடிக்கலியா உனக்கு?"

"எல்லாரையும் வேடிக்க பாத்துக்கினே போலாம் இல்ல?"

கரை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பையும் மீறி ஒரு குரல் பிளந்துகொண்டு வந்தது. "என் பொண்ணுடீ! என் பொண்ணு பதில் சொல்றா பாருங்கடீ!" பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஓடி வந்திருந்தாள் தனக்கோடி. தலையில் காதுகுத்து வீட்டுக் கதம்பம், கையில் பலகாரப் பை.

அமுதவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். தனக்கோடி மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்க்கவில்லை.

"வால் நட்சத்திரம் எங்க?" என்று பூவிழி கூவினாள். அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்று பதில் வந்தது. அவள் கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ப்பா! துண்டோட எறங்கு!"

கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாயவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையாவது கூப்பிடுகிறாளோ என்று.

"உன்னத்தான்ப்பா! தூரத்துலேர்ந்து மெதுவா வா. சூரியன நெருங்க நெருங்க வேகமா ஓடு. ஒரு சுத்து சுத்திட்டு வந்த பக்கமே போயிடு."

"எனுக்கு வேற வேல இல்லியா?" என்றான். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். பிள்ளைகள் ஓவென்று கத்த, துண்டு முதுகுக்குப் பின்னால் பறக்க, மாயவன் ஓடினான். தடதடவென்று சூரியனைச் சுற்றித் திரும்பினான்.

"திரும்பிப் போறப்ப வால் முன்னாடி வரணும்ப்பா! வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும்!"

"எந்த மாட்டுக்கும்மா வால் முன்னாடி போவுது?" என்று கேட்டுக்கொண்டே துண்டை முன்னால் நீட்டிப் பிடித்தபடி ஓடினான். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமுதவல்லி சிரிக்கவில்லை. மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத குரல். இங்கே நான்கு பாத்தி தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. சங்கீதா வயதில் அமுதவல்லியும் இப்படி ஒரு பாத்தியில் சுற்றிச் சுற்றித்தான் வந்தாள். அப்போது நடுவில் நின்றது சூரியன் இல்லை, மேஸ்திரி. நின்றால் ஏச்சு, உட்கார்ந்தால் அடி. இன்று அதே தரையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நிற்க நினைத்தால் நிற்கலாம். ஆனால் ஒருத்தரும் நிற்கவில்லை.

இதைச் செய்ய வைத்தவள் என் மகள் என்று நினைத்துக்கொண்டாள். கெண்டைக்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

*

ரோஸ்லின் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கே திண்டிவனம் வந்துடும்மா. திங்கள், செவ்வாய், புதன் பயிற்சி. மூணு நாளும் கட்டாயம் இருக்கணும். அத தவறவிட்டா அடுத்த பயிற்சி ஜூன்லதான். அதுவரைக்கும் என்னால எடத்த காலியா வெச்சிருக்க முடியாது."

"வந்துடுவா" என்றான் மாயவன். மகளுக்கு முன்னால் அவன்தான் பதில் சொன்னான். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி வேன்காரனின் நம்பரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனான். "எம்பொண்ணு வரமாட்டா தம்பி. அவளுக்கு வேல கெடச்சிடுச்சி... ஆங், இங்கதான். விண்வெளி சம்பந்தப்பட்ட வேல."

பூவிழி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வியர்வையும் கோலமாவும்.

மேடத்தின் ஸ்கூட்டி தெரு திரும்பியது. கூட்டம் கலைந்தது. எதிர்ப்பக்கம் நின்ற மகளைத் தூக்கிக்கொள்ளத் தனக்கோடி கரையிலிருந்து இறங்கிக் குறுக்கே நடந்தாள். நடுப்பாத்தியில் அவள் கால் பொதுக்கென்று இறங்கியது.

நின்றாள். கீழே பார்த்தாள்.

அமுதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் குதிகால் ஊன்றிப் பார்த்ததெல்லாம் கரையோரம். கடல் காற்று பட்டு அதுதான் முதலில் இறுகும். நடு எப்போதும் பின்னால்தான் காயும். விவரம் தெரிந்த யாரும் நடுவில் குதிகால் ஊன்றாமல் பாத்தி காய்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து நடந்த நாளிலிருந்து அமுதவல்லிக்கு அது தெரியும். இன்று அவள் நடுவரைக்கும் போகவே இல்லை.

கோலமாவுக்குக் கீழே தரை முழுக்கக் குழி. புதன் ஓடிய வட்டம் வாய்க்காலாகப் பள்ளம் விழுந்திருந்தது. யுரேனஸ் உருண்ட இடம் வழித்துவிட்ட சேறு. சூரியனைச் சுற்றி மாயவனின் குதிகால்கள் ஒவ்வொன்றும் கிண்ணம் கிண்ணமாக இருந்தன. இதில் உப்புத்தண்ணீர் விட்டால் குழியில் தேங்கும். உப்பை வாரும்போது பலகை தட்டும், மண்ணும் சேர்ந்து வரும். கறுத்த உப்பை யார் கேட்பார்கள்?

"அமுதா."

"அக்கா..."

"யாரக் கேட்டு எறக்குன?"

அமுதவல்லி ஒரு குழியின் விளிம்பைக் காலால் தட்டி மூடப் பார்த்தாள்.

"நேத்து பூரா என்கூட நின்னு மிதிச்சவதான நீ? உனக்குத் தெரியாதா? ஒரு போன் பண்ணக்கூடாது?"

"பண்ணா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்! என் பாத்தி, நான் சொல்லுவேன்!"

பூவிழி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ம்மா, நீ அத்தைகிட்ட சொல்லலியா?"

"இல்லடி."

மாயவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே வந்தான். "தனக்கோடி, நான் மிதிச்சிக் குடுத்துடறேன் வுடு."

"உன் குதிகாலுதாண்ணே இருக்கறதுலயே பெரிய குழி! உனக்கு நாளைலேர்ந்து பெரிய அளத்துல கரை வேல. நீ எங்கேருந்து வருவ?"

"அப்ப நான் வர்றேங்க்கா" என்றாள் அமுதவல்லி.

"கால இழுத்துக்கினு நிக்கற நீ மிதிச்சா அர மிதிதான் உழும். அத நான் ரெண்டாவது தபா மிதிக்கணும்." தனக்கோடி கதம்பத்தைப் பிய்த்து எறிந்தாள். "வெயாழக்கெழம எனக்கு தண்ணி முறை. அன்னிக்கி உடலன்னா அப்புறம் பதினஞ்சி நாள் கழிச்சித்தான் வாய்க்கால் தெறப்பாங்க. நாளைக்கி, நாளானிக்கி, புதன். நான் எறங்கறேன், என்கூட இன்னொரு ஆள் எறங்கணும். எளவயசுக் காலா இருக்கணும். கோடு போட்டது யாரு? பூவிழி வரட்டும்."

"அக்கா, அவளுக்கு அந்த மூணு நாள்தான்..."

"கேட்டேன். மேடம் சொன்னதயும் கேட்டேன். என் பொண்ணு பதில் சொன்னதயும் கேட்டேன். ஊருல எவ பொண்ணும் அப்படி சொல்லல." தனக்கோடியின் குரல் ஒரு நொடி உடைந்தது. உடனே இறுகிக்கொண்டது. "அது வேற, இது வேற அமுதா. என் பாத்தி கறுத்தா இந்த வருஷம் நான் இன்னா பண்றது? உன் பாத்திக்கு யாரு கால் குடுப்பா, சொல்லு?"

அமுதவல்லி தன் பாத்தியைப் பார்த்தாள். முழங்கால் சேறு. முறை மிதியில் பாக்கி வைத்தவளின் சேற்றில் இந்த அளத்தில் ஒருத்தரும் இறங்கியதில்லை.

சங்கீதா இன்னும் வெளி வட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, நான் இன்னும் ஒரு சுத்து முடிக்கல" என்றாள் பூவிழியிடம்.

பூவிழி நடுப்பாத்திக்கு நடந்து போனாள். அப்பாவின் குதிகால் குழி ஒன்றின் பக்கத்தில் தன் குதிகாலை வைத்து அழுத்தினாள். மண் கொழகொழவென்று விரல்களுக்கு நடுவே ஏறி வந்தது. அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். திண்டிவனம் போகிற முதல் பஸ் ஆறு மணிக்கு. பாத்தியில் இறங்குகிற நேரமும் அதுதான்.

பூவிழியின் கால்கள் தனக்கோடிக்கு மூன்று நாள் மிதி பாக்கி.